கதவு வரைக்கும் எத்தனை அடி

முருகேஸ்வரி இறந்த செய்தி வந்தபோது நான் சூலக்கரையில், ஒரு வீட்டு வரைபடத்துக்கு அனுமதி வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய தம்பி கைபேசியில் அழைத்தார். "அக்கா போயிருச்சு மேடம்" என்றார். அதே நேரம் உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். போனேன். கோப்பைக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டேன், ஒரு சிறு பிழையைத் திருத்தியும் கொடுத்தேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகுதான், அந்த வீட்டின் கூடத்தைக் கடைசியாக அளந்தவை அவருடைய கால்கள் என்பது நினைவுக்கு வந்தது.

அவரை அறிந்த உங்களில் பலர் அவர் அமைத்துக் கொடுத்த அறைகளில் உட்கார்ந்துதான் இதைப் படிப்பீர்கள். பதினாறு ஆண்டுகள் விருதுநகரில் நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தை நடத்தினோம். நான் படித்துப் பட்டம் வாங்கியவள். கட்டடம் என் பொறுப்பு. அதன் உட்புறம் அவருடைய பொறுப்பு. அவர் எந்தக் கல்லூரிக்கும் போனதில்லை. இருபத்திரண்டு வயது வரை பட்டாசு ஆலையில் சரம் பின்னினார். பிறகு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் பிரிவில் இருந்தார். அந்த அச்சகத்தின் வரவேற்பறையை ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் கேட்காமல் மாற்றிப்போட்டார். திங்கட்கிழமை வந்த முதலாளி திட்டவில்லை. தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். முருகேஸ்வரியின் தொழில் அப்படித்தான் தொடங்கியது.

நிறங்களைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "பெட்டி மேல போடுறது கண்ணக் கூப்பிடுற கலரு மேடம். வீட்டுக்குள்ள, கண்ணு பாட்டுக்கு இருக்கட்டும்னு விடுற கலரு வேணும்" என்பார். ஊதாவும் மஞ்சளுமாகச் சுவர் கேட்டு வந்த எத்தனையோ பேரை வெளிர் சாம்பலோடு திருப்பி அனுப்பினார். தனியாக இருக்கும்போது என்னைப் 'படிச்ச மகராசி' என்றுதான் கூப்பிடுவார். கேலிதான். நான் இரண்டு வாரம் வரைந்ததை அரை மணி நேரத்தில் அழித்துவிடுவார் என்பதால் அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. பிடிவாதக்காரர். சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. இதையெல்லாம் மறைத்து எழுதினால், அவரை அறிந்த நீங்கள் நான் வேறு யாரையோ எழுதுவதாக நினைப்பீர்கள்.

வற்றல் மண்டி வைத்திருந்த ஒருவருக்கு வீடு செய்தோம். அவருடைய சின்ன மகள் அவர் பக்கத்திலேயே வரமாட்டாள். வந்தால் கண் எரியும். அவர் சட்டை முழுக்க மிளகாய் நெடி. கூடத்துக்கு என்ன விளக்கு போடலாம் என்று பேசத்தான் எங்களை அழைத்திருந்தார்கள். முருகேஸ்வரி விளக்கைப் பற்றிப் பேசவே இல்லை. வீட்டின் பக்கவாட்டில் ஒரு கதவு, அதை ஒட்டி ஒரு குளியலறை, மாற்றுத்துணிக்கு ஓர் அலமாரி என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். "அண்ணாச்சி, வாசல் வழியா நீங்க மட்டுமா வாறீக? ஒங்க தொழிலும் கூடவே வருது. அத எங்கன நிறுத்துறதுன்னு மொதல்ல பாப்போம்" என்றார். வீடு முடிந்து நாங்கள் போனபோது அந்தப் பெண் தன் அப்பாவின் தோளில் கிடந்தாள்.

அவர் வேலை தொடங்கும் முறை உங்களுக்குத் தெரியும். வீட்டில் உள்ளவர்களை அவரவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரவைத்துக் கண்ணைத் துண்டால் கட்டுவார். "இப்ப வெளிய வாங்க" என்பார். அவர்கள் எதில் முட்டுகிறார்கள், எங்கே தயங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே அடிகளை எண்ணுவார். வாடிக்கையாளர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு அது ஆளைக் கவரச் செய்யும் வித்தை என்றே பல வருடங்கள் தோன்றியது. ஒருமுறை கேட்டும் விட்டேன். "பொகை வந்தா கண்ணு தெரியாது மேடம்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பொருள் ஏழு ஆண்டுகளுக்கு முன்பு தெரிந்தது. ஒரு பட்டாசு ஆலை முதலாளியின் வீட்டை மாற்றியமைக்க ஒப்புக்கொண்டு சிவகாசிக்குப் போய்க்கொண்டிருந்தோம். சாத்தூர் விலக்கைத் தாண்டியதும், "இவுக கம்பெனியிலதான் எந்தங்கச்சி வேல பாத்தா" என்றார். தங்கை விபத்தில் இறந்ததை முன்பே சொல்லியிருந்தார். எங்கே என்று சொன்னதில்லை. பட்டாசு அறைகளில் எதிரெதிராகக் கதவுகள் இருக்கவேண்டும், அவை வெளிப்பக்கம் திறக்கவேண்டும் என்பது விதி. கதவுகள் இருந்தன. ஆனால் அது தீபாவளி சீசன். லோடு ஏற்ற வேண்டிய பெட்டிகளை ஒரு கதவை மறித்து அடுக்கியிருந்தார்கள். தீப்பிடித்தபோது தங்கை புகைக்குள் அந்தக் கதவை நோக்கி ஓடினாள்.

"இந்த வேலை வேண்டாம்னு சொல்லிடலாம் ஈஸ்வரி" என்றேன்.

"ஏன்? அவுக வீட்டுக்குள்ள நான் ஒரு தடவ போகணும்."

அந்த முதலாளிக்கு அறுபது வயது இருக்கும். முருகேஸ்வரி யார் என்று அவருக்குத் தெரியவில்லை. தன் சோபாவில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே கண்ணைக் கட்டக் கொடுத்தார். எழுந்து நான்கு அடி வைத்ததும் கண்ணாடி மேசையில் முழங்காலை இடித்துக்கொண்டார். அவர் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நாப்பது வருசமா இதே வீட்டுலதான் இருக்கீக. எவன் வீட்டுக்கோ வந்த மாதிரி தடவுறீகளே" என்றார். முதலாளி பதில் சொல்லிக்கொண்டே திரும்பினார். திசை தப்பியது. சுவர் ஓரம் போய்விட்டார். இரண்டு கைகளாலும் சுவரைத் தட்டித் தட்டி நகர்ந்தார். மூச்சு சத்தமாக வந்தது. அந்த அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"கதவு எங்கனம்மா இருக்கு?" என்று முதலாளி கேட்டார்.

முருகேஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு மெதுவாக, "அண்ணாச்சி, ஒங்க ஷெட்டுல..." என்று தொடங்கினார்.

நான் அவரைப் பார்த்துத் தலையசைத்தேன். வேண்டாம் என்று. வீட்டுக்கு வந்த இடத்தில் இதைப் பேசக் கூடாது என்று அப்போது எனக்குத் தோன்றியது. மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"எடது பக்கம் திரும்பி அஞ்சு அடி வைங்க" என்றார்.

திரும்பி வந்து அலுவலக வாசலில் இறங்கும்போது "செரி மேடம்" என்றார், நான் ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. அந்த வீட்டை நன்றாகவே முடித்துக் கொடுத்தோம். அதைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை. ஆனால் அந்தத் தலையசைப்பு என்னை விடவில்லை. சாப்பிடும்போது, சாலையைக் கடக்கும்போது, அவர் அந்த அரை வாக்கியத்தோடு எனக்கு முன்னால் வந்து நிற்பார். உயிரோடு பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த மனிதர்தான் அப்படி வந்து நின்றார்.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது மூச்சு வாங்கியது. "கட்டில்லருந்து கதவுக்குப் பதினோரு அடி மேடம். நடுவுல அந்த ஸ்டூலு. எடுத்து ஓரமா வைங்க" என்றார். வைத்தேன். அன்றாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இப்போது எந்த அறைக்குள் போனாலும் காதுக்குள் யாரோ எண்ணுவது கேட்கிறது. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் எண்ணுவது நான் இல்லை.

அடக்கத்துக்கு அவருடைய ஊருக்குப் போனேன். எங்கள் வாடிக்கையாளர்கள் பத்துப் பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் முப்பது பெண்களுக்கு மேல் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். நகக்கண்களில் அலுமினியப் பொடியின் வெள்ளி ஒட்டியிருந்தது. சொந்தக்காரர்கள் என்று நினைத்தேன். ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"சொந்தமில்ல மேடம். கம்பெனி ஆளுக" என்று, நாங்கள் வீடு மாற்றிக் கொடுத்த அந்த முதலாளியின் ஆலைப் பெயரைச் சொன்னார். "மாசக் கடைசி வெள்ளிக்கு அக்கா வருவாக. சாயங்காலம் பஸ் வர்றதுக்கு முன்னாடி எங்க எல்லார் கண்ணையும் கட்டி ஷெட்டுலருந்து வெளிய நடக்கவிடுவாக. ஏழு வருசமா."

கடைசி வெள்ளிக்கிழமைகளில் இருக்கன்குடி கோயிலுக்குப் போவதாகத்தான் என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். எனக்குச் சாமி கும்பிடும் பழக்கம் இல்லை, கூட வரட்டுமா என்று கேட்கமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

"மொதலாளி ஒத்துக்கிட்டாரா?" என்றேன்.

"அவரு வீட்டுக்கு நீங்க வந்துட்டுப் போன மறு வாரமே அக்கா வந்து கேட்டுட்டாகளாம். அவரு சரின்னு மட்டும் சொன்னாராம்." அவர் ஏன் ஒப்புக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு மனம் மாறிவிட்டது என்று எழுத நான் தயாராக இல்லை.

பக்கத்தில் இருந்த இன்னொரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "வாசல்ல ஒத்தப் பெட்டி கெடந்தாலும் போதும். அக்கா சண்ட போட மாட்டாக. அது மேல ஏறி உக்காந்துக்கிருவாக. லோடுக்காரன் கத்துவான். அந்தப் பெட்டிய எடுக்கோம்னு சொன்னாத்தான் எந்திரிப்பாக."

"எங்கிட்ட அவங்க ஒரு வார்த்தை சொல்லலையே" என்றேன்.

முதலில் பேசிய பெண் தயங்கினார். "மேடத்துக்குத் தெரியவேணாம்னு சொல்லியிருந்தாக. 'என்னையத் தடுத்துட்டோம்னு அவுக மனசு கெடந்து அடிச்சுக்கிருது. அவுக தடுத்து நான் நிக்கக்கூட இல்லன்னு தெரிஞ்சா இன்னும் நோகும்'னாக."

பிறகு, "அடுத்த கடைசி வெள்ளிக்கு யாரு மேடம் வருவா?" என்று கேட்டார்.

"எனக்கு அவங்க மாதிரி வராது" என்றேன்.

"வராட்டிப் பரவால்ல. வாசல்ல வந்து உக்காருங்க, அம்புட்டுப் போதும்."

வீடுகளைப் பற்றி அவர் சொன்னவற்றை மற்றவர்கள் எழுதுவார்கள், எழுதவேண்டும். எனக்கென்று அவர் விட்டுப்போனது வேறு. பதினாறு ஆண்டுகள் பக்கத்தில் இருந்து, என் தவறை எனக்குத் தெரியாமலே சரிசெய்துகொண்டிருந்த ஒருவரிடம் நான் கேட்காமல் விட்ட மன்னிப்பு அது. நோகும் என்று அவர் சொன்னது சரிதான். இந்த மாதக் கடைசி வெள்ளிக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன.