நடுச்சுவரில் ஓர் ஆணி

ஊரார் வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்தே வயதான தையல்காரிக்கு, தங்கை ‘எங்க சொந்த பிளாட்’ என்று சொன்னாலே வயிறு எரியும். அதைப் பார்க்கப் போன அன்றைக்கே குத்திக் காட்டினாள்.

“படிக்கட்டு, லிஃப்ட், மொட்டை மாடி எல்லாம் பொதுவாமே? அப்போ உன்னோடதுன்னு என்னதாண்டி இருக்கு?”

“இந்த நாலு சுவத்துக்குள்ள இருக்கிறதெல்லாம் எங்களோடதுக்கா” என்ற தங்கை, கடிகாரம் மாட்ட நடுச்சுவரில் ஆணியை வைத்து, யாரையும் கேட்காமல் ஓங்கி அடித்தாள்.

அக்கா கிட்டே போய் அந்த ஆணியை உற்றுப் பார்த்தாள். வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாதென்று வீட்டுக்காரர் சொல்லியிருந்ததால், அவளுடைய கடிகாரம் இருபது வருஷமாக அலமாரிமேல்தான் சாய்ந்து நிற்கிறது.

“ஆணி கோணலா இருக்குடி” என்றாள், வேறு குறை கிடைக்காமல்.

“இருந்துட்டுப் போகட்டும்க்கா. புடுங்கிட்டு வேற எடத்துல அடிச்சாப் போச்சு.”