பண்டாரி ரெத்தினதாஸின் சிரட்டை

டீயைக் குடித்து முடித்ததும் ரெத்தினதாஸ் தேங்காய்ச் சிரட்டையைத் தரையில் போட்டுக் குதிகாலால் மிதித்து உடைக்கிறார். துண்டுகளைப் பொறுக்கி மணியனின் டீக்கடை அடுப்பிலேயே போட்டுவிடுகிறார். நாளைக்கு வீட்டிலிருந்து வேறொரு சிரட்டையோடு வருவார்.

பார்க்கிறவர்களுக்கு வயிறு எரிகிறது. சாதி பார்த்துச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்த காலத்தோடு மல்லுக்கட்டித்தான் பாறசாலைக்காரர்கள் கண்ணாடித் தம்ளருக்கு வந்தார்கள். சிங்கப்பூர் வரை கப்பலில் போய்வந்த மனுஷன் தானாகவே அதைத் தூக்கிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? "நம்ம அப்பன்மாரு பட்டது போராதா, அண்ணே?" என்று மணியன் கேட்டேவிட்டார். ரெத்தினதாஸ் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்று குடித்தார்.

கன்னியாகுமரி தமிழ்ப் பக்கம் போய், பாறசாலை கேரளத்திலேயே நின்றுவிட்ட ஆத்திரம் கடையில் இன்னும் ஆறவில்லை. எல்லைப் போராட்டத்தில் அடிபட்டவர்கள் பேசிப் பேசி மாய்கிறார்கள். ரெத்தினதாஸ் கேட்டது ஒன்றுதான்: "களியக்காவிளைக்கு அங்கோட்டு காய்ச்சல் உண்டா, மக்கா?" கப்பல் வழியாகக் கரையேறி ஊர் ஊராகப் பரவும் காய்ச்சல் எல்லைக்கு அந்தப் பக்கமும் போய்விட்டதா என்றுதான் கேட்டார்.

சரக்குக் கப்பலில் அவர் பண்டாரி, அதாவது சமையல்காரர். முன்பெல்லாம் லீவில் வந்தால் மீன்கறி வைத்து ஊரையே கூப்பிடுவார். இப்போது சொந்த வீட்டு அடுப்பங்கரையைக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. தனித் தட்டு, தனிப் பாய்.

சபையில்தான் வினை வந்தது. தேவாலயத்தில் திருவிருந்தின்போது எல்லோரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிப்பது வழக்கம். ஒருவன் அதைத் தொடாமல் ஒதுங்கினால், உள்ளே ஏதோ பாவம் கிடக்கிறது என்று அர்த்தம். துறைமுகத்தில் குடி, கூத்தியாள் என்று கதை கட்டிவிட்டார்கள். இந்த ஊர் நாக்குக்குச் சொல்லியா தர வேண்டும்? வருகிற ஞாயிறும் திருவிருந்து மேசைக்கு வராவிட்டால் குடும்பத்தோடு சபை நீக்கம்தான் என்று மூப்பர் வேதமாணிக்கம் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி ஆனந்தபாய் கதவைச் சாத்திவிட்டு, உள்ளதைச் சொல்லும்படி கேட்டாள்.

சொன்னார். நடுக்கடலில் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். எந்தத் துறைமுகமும் இறங்க விடவில்லை. அடுப்படி ஆட்கள் அத்தனை பேரும் படுத்துவிட, தானும் காய்ச்சலோடு ஒண்டியாய் நின்று எல்லோருக்கும் ஆக்கிப் போட்டார். கொஞ்சம் படுக்கட்டுமா என்று கேட்டதற்கு வசவுதான் கிடைத்தது.

"கஞ்சிக்கு உப்பு பாத்த கரண்டிய கழுவாம சட்டியிலேயே போட்டேன். ஓர்மை கெட்டாக்கும் செய்தேன். அதைக் குடிச்சவனுவளைத்தான் செத்த பொறவு கடல்ல எறக்கினோம். எனக்க வாயில இப்பவும் அது உண்டு, பிள்ளே."

ஆனந்தபாய்க்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாள் பக்கத்தில் வராதே என்று அவர் விரட்டியதெல்லாம் இதற்குத்தானா!

ஞாயிற்றுக்கிழமை ரெத்தினதாஸ் போனார். பெண்கள் முடித்து, ஆண்களும் முடித்த பிறகு கடைசி ஆளாக மேசைக்கு முன் வந்தார். தனக்குப் பின்னால் இனி ஒரு வாய் கிடையாது என்ற தைரியம். பாத்திரம் கைக்கு வந்தபோது பக்கத்தில் சேலை உரசியது. பெண்கள் வரிசையில் போகாமல் ஆனந்தபாய் காத்திருந்திருக்கிறாள்.

"குடிச்சிட்டு எனக்குத் தாருங்க" என்றாள்.

அவர் பாத்திரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கடைசிச் சொட்டு வரை மடமடவென்று குடித்தார். குடிகாரன், குடிகாரன் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது. ரெத்தினதாஸ் திரும்பவில்லை. மனைவியின் கண்ணெதிரே பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.