இருபது தகடுகளும் பத்திரமாக இருந்தன

யுத்த காலம் அது. புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். எனக்குக் கால்நடை இலாகாவில் வேலை. ஆடு மாடுகளைப் பற்றிய ஆராய்ச்சிக்குக் கணக்குப் போடும் முறைகளை வெளியூரில் மூன்று மாதம் படித்துவிட்டு வந்திருந்தேன். சராசரி, வித்தியாசம், அது தற்செயலா இல்லையா என்று பார்க்கும் வழி எல்லாம் அத்துபடி. கூடவே கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

திருமயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குடற்புழு மருந்தைச் சோதிக்கச் சொன்னார்கள். மயில்துத்தமும் புகையிலைச் சாறும் கலந்த மருந்து. ஊர் ஊராக ஆடு மேய்க்கும் ஒரு கீதாரியின் பெரிய மந்தையில் நாற்பது செம்மறிகளைப் பிரித்தேன். மருந்து குடித்த இருபதின் கழுத்தில் எண் போட்ட தகரத் தகடு. குடிக்காத இருபதின் முதுகில் சாயக் குறி. தகடு சர்க்கார் சொத்து, ஒன்று தொலைந்தாலும் நீதான் பொறுப்பு என்று கீதாரியிடம் கறாராகச் சொல்லி வைத்தேன்.

வாராவாரம் போய்த் தராசில் தூக்கி நிறுத்து ராத்தல் கணக்கை எழுதிக்கொண்டேன். ஆறாவது வாரம் கணக்கை முடித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. தகடு கட்டிய ஆடுகள் அவ்வளவு எடை ஏறியிருந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. என் அறிக்கையைப் பார்த்த மேலதிகாரி, சுற்று வட்டார மந்தைகளுக்கெல்லாம் அதே மருந்தைக் கொடுக்க உத்தரவு போட்டுவிட்டார்.

குறித்த நாள் காலையில் ஏறக்குறைய முந்நூறு ஆடுகள் வந்து நின்றன. மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தேன். கீதாரியின் மனைவி பக்கத்தில் வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எங்க ஆட்டுக்கு இந்தத் தடவை வேணாங்க. செத்த ஆட்டுத் தகட்டை எடுத்துக் கட்ட எங்ககிட்ட இனிமே நல்ல ஆடு இல்லைங்க."

எனக்குப் புரியவில்லை. விசாரித்துப் புரிந்ததும் கலக்குவதை நிறுத்தினேன். மருந்து குடித்த இருபதில் பதினொன்று செத்திருந்தன. ஒவ்வொன்று செத்தபோதும், சர்க்கார் தகடு வீணாகக் கூடாதே என்று அதைக் கழற்றி, மந்தையில் சாயக் குறி இல்லாததிலேயே கொழுத்த ஆட்டின் கழுத்தில் கட்டியிருக்கிறார் கீதாரி. எண்ணை மட்டுமே பார்த்த நான் ஆட்டை ஒருநாளும் பார்க்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டேன். கீதாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க தகட்டைத்தானே கேட்டீங்க. ஆடு செத்துச்சான்னு ஒரு நாளும் கேக்கலையே."

மருந்தைக் குழி தோண்டிக் கொட்டினேன். மந்தைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, நடந்ததை ஒளிக்காமல் மேலதிகாரிக்கு எழுதினேன். வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் பதினொரு ஆடுகளை இழந்தவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபது தகடுகளையும் துடைத்து, ஒரு துணியில் முடிந்து என் கையில் கொடுத்தார்.

அதன்பின் எத்தனையோ மந்தைகளில் எத்தனையோ கணக்குப் போட்டேன். குறையே இல்லாத கணக்கு ஒன்று வந்து சேர்ந்தால் மட்டும் இன்றுவரை எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. நான் யாரைப் பயமுறுத்தி இதை வாங்கினேன் என்ற கேள்விதான் முதலில் வருகிறது.