வாசலுக்கு நானூறு, மேசைக்கு எண்பது

அந்தச் சனிக்கிழமை நிர்வாகக் கூட்டத்துக்காக வாசிகசாலையின் மேசைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தர்சினி அக்கா வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வருவார், விளக்குகளை இடம்மாற்றும் விஷயத்தில் இம்முறை எப்படியும் வென்றுவிடுவோம் என்று நம்பியிருந்தேன். வந்தது தொலைபேசி அழைப்புத்தான். நான்கு நாள் காய்ச்சலில் அக்கா போய்விட்டார். கூட்டத்தை இன்னொரு நாளைக்கு ஒத்திவைத்தார்கள். அவர் உயிரோடு இருந்தபோதும் மூன்று தடவை அப்படித்தான் ஒத்திவைத்தார்கள்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கட்டடங்களுக்கு மின்விளக்குத் திட்டம் போடுவது அவர் வேலை. நம் வாசிகசாலைக்குப் பன்னிரண்டு ரியூப்லைற்றுகள் அன்பளிப்பாகக் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் அமரர் ஒருவரின் பெயர் சிவப்பு மையால் எழுதப்பட்டிருந்தது. உள்ளே வருகிறவர்கள் நிமிர்ந்தால் பெயர்கள் தெரியவேண்டும் என்று பன்னிரண்டையும் வாசல் பக்கமாகவே உயரத்தில் பூட்டினார்கள். பின்னால் பரீட்சைக்குப் படிக்கும் நாங்கள், மாலை ஐந்தரைக்கே புத்தகத்தை மூக்கருகே பிடிக்க வேண்டியிருந்தது.

அக்கா ஒளியை அளக்கும் மீற்றரோடு வந்தார். நான் கொப்பியும் பென்சிலுமாகப் பின்னால் நடந்தேன். வாசலில் ஒளி நானூறு லக்ஸ். எங்கள் மேசையில் எண்பது. படிப்பதற்கு முந்நூறாவது வேண்டும் என்றார்.

"லைற் எரியுதுதானே பிள்ளை, பிறகென்ன?" என்றார் வாசிகசாலைத் தலைவர்.

"எரியுது ஐயா. வாசல்ல கிடக்கிற செருப்புகள் நல்லாப் படிக்கும்" என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "நீ நம்பர் சொல்லுறாய். லைற் தந்த சனம் வந்து, எங்கட அப்பான்ர பேர் எங்க எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது?"

அக்கா என் கொப்பியை வாங்கிக் கணக்குப் போட்டார். அறையின் நீள அகலம், ஒரு விளக்கு தரும் ஒளி, நம் பச்சைச் சுவர் அதில் எவ்வளவை விழுங்கும் என்று வரிசையாக எழுதினார். கடைசியில் ஒரு பகுதியைக் கழித்தார். ஏன் என்று கேட்டேன். "வீதிப் புழுதி. ஆறு மாசத்தில லைற்றில படியும். அதை இப்பவே கணக்கில சேர்க்காட்டிப் பிறகு ஆரை ஏசுறது?"

அவரும் பிழை விட்டார். விளக்கின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்துவிட்டார். "அக்கா, நிலத்தில ஆர் வாசிக்கிறது?" என்றேன். ஒரு கணம் என்னை முறைத்தார். பிறகு பக்கம் முழுவதையும் அழித்து, மேசை மட்டத்திலிருந்து மறுபடி தொடங்கினார். உயரத்தில் தொங்கினால் பதினெட்டு விளக்குகள் வேண்டும், மேசைகளுக்கு மேலே தாழ்த்தினால் இருக்கும் பன்னிரண்டே போதும் என்று முடிவு வந்தது. "அடுத்த கூட்டத்தில பாப்பம்" என்றார்கள்.

அக்காவின் நினைவாக, அவர் பெயர் எழுதிய பதின்மூன்றாவது விளக்கை அவர் அம்மா தந்தார். அதையும் வாசலுக்கு மேலேயே பூட்டத் தீர்மானித்தார்கள். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அக்காவின் கணக்குத் தாளோடு அவர் அம்மாவிடம் ஓடினேன். தாழ்த்தி, மேசைப் பக்கம் திருப்பினால் பெயர் எழுதிய பக்கம் மேலே போய் மறைந்துவிடும் என்றும் சொன்னேன்.

அவர் தாளிலிருந்த மகளின் எழுத்தை வாசித்துப் பார்த்தார். "பேர் மேல் பக்கம் இருக்கட்டும் பிள்ளை. பல்லிக்குத் தெரிஞ்சாப் போதும்."

தாயின் சொல்லைத் தலைவரால் தட்ட முடியவில்லை. அக்காவின் விளக்கு இப்போது நடு மேசைக்கு மேலே தொங்குகிறது. அளந்தேன்: இருநூற்று ஐம்பது. அந்த ஒரு மேசைக்கு இப்போது ஏழு பேர் முண்டியடிக்கிறோம். மற்ற மேசைகளில் இன்னும் எண்பதுதான்.

எந்த அறைக்குள் நுழைந்தாலும் விளக்கைப் பார்க்காமல் மேசையைப் பார்க்கும் பழக்கத்தை அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவருடைய கோபத்தையும் எடுத்துக்கொண்டேன். மற்றப் பன்னிரண்டும் வாசலை விட்டு இறங்கும்வரை அதை வைத்திருப்பேன்.