இரண்டு முனையும் அறுந்த தண்டவாளம்

பிள்ளைகளே, சென்னையில் பழைய ரயில் எஞ்சின்கள் பார்க்கப் போன அன்று நான் சின்னவளை அடித்தது உங்கள் இரண்டு பேருக்கும் மறந்திருக்காது. ஏன் அடித்தேன் என்று நீங்கள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. வாயால் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். அப்பா ரயில்வேயில் கேங்மேன் என்பதுதான் உங்களுக்குத் தெரியும். கோவில்பட்டிக்கு வடக்கே எங்கள் கேங்குக்கென்று கொஞ்சம் தூரம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். கரிசல் மண்ணில் பாதை ஒருநாளும் போட்ட இடத்தில் கிடக்காது. மழை பெய்தால் மண் பொங்கும், வெயிலில் பிளக்கும். இன்றைக்கு நிமிர்த்தி வைத்தது ஒரு மாதத்தில் அமுங்கியிருக்கும். ஆகையால் வருஷம் முழுக்கக் கடப்பாரை போட்டுத் தூக்கி, அடியில் ஜல்லியைக் குத்திக்கொண்டே இருப்போம். குனிந்து குத்துகிறவன் வண்டியைப் பார்க்க முடியாது. அவனுக்காக ஒருவன் விசிலும் சிவப்புக் கொடியுமாக நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் கேங்கில் அந்த ஆள் நான்.

கண்ணுக்காக என்னை நிறுத்தவில்லை, காதுக்காக நிறுத்தினார்கள். ஆனி ஆடியில் நம் பக்கத்து மேல்காற்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிறவன் பேச்சையே பிடுங்கிக் கொண்டுபோய் விளாத்திகுளத்தில் போடும். வண்டிச் சத்தம் எங்கே கேட்கும்? நான் குனிந்து தண்டவாளத்தில் காதை வைப்பேன். விதிப்புத்தகத்தில் அப்படி இல்லை. ஆனால் காற்றால் இரும்புக்குள் புக முடியாது. வண்டி வளைவுக்கு அந்தப் பக்கம் கண்ணில் படாமல் இருக்கும்போதே என் காதுக்கு வந்துவிடும். டீசலில் ஓடுகிற எண்ணெய் எஞ்சின் என்றால் ஒரே இழுப்பாக ரீங்காரம். முன்காலத்துக் கரி எஞ்சின் அப்படியில்லை. மூச்சு வாங்கி வாங்கி வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டது அந்தச் சத்தம்தான். பிறகு அந்த வண்டிகள் நின்றுபோயின. மீட்டர் கேஜ் என்கிற பழைய குறுகல் பாதையைப் பிடுங்கிவிட்டு அகலப்பாதையும் போட்டாயிற்று.

நாம் சென்னைக்குப் போன அந்த வருஷம் ஆடியில் ஒருநாள் வளைவில் வேலை. நான்கு பேர் குனிந்திருந்தார்கள். நான் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, போடுங்க" என்றேன். அடுத்த கடப்பாரை விழுவதற்குள் எஞ்சின் முகம் வளைவில் தெரிந்தது. நான் விசில் ஊதினேனா, கத்தினேனா, நினைவில்லை. நான்கு பேரும் சரிவில் உருண்டார்கள். ஒரு கடப்பாரையை வண்டி தூக்கி எறிந்தது. அது மக்காச்சோளக் காட்டுக்குள் போய்ச் செங்குத்தாக நின்றது.

யாருக்கும் அடியில்லை. மேஸ்திரி முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"ஏலே, காதுல பஞ்சு வச்சிருக்கியா? நம்ம கரிசல்ல வெளஞ்ச பஞ்சா, கடைப் பஞ்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"காத்து அண்ணாச்சி" என்றேன்.

"காத்துதான். இல்லன்னா ஒனக்குக் கேக்காமப் போவுமா" என்று அவரே முடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம்கூட நான் வாயைத் திறக்கவில்லை. கேங்கில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், ஆனால் காற்று இரும்புக்குள் புகாது என்று எனக்குத் தெரியும். அப்படியானால் என் காது போய்விட்டதா, அல்லது அன்று ஒருநாள் மட்டும் தவறியதா? அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை "ஒண்ணும் இல்ல" என்று சொல்லும்போதும் நான்கு முதுகுகளையும் எண்ணிவிட்டுத்தான் சொன்னேன்.

ஆவணியில் உங்கள் சித்தி வீட்டுக் கல்யாணம் வந்தது. குடும்பத்துக்குப் பாஸ் எழுதி வாங்கிச் சென்னைக்குப் போனோம். கல்யாணத்துக்கு மறுநாள், திறந்தவெளியில் பழைய எஞ்சின்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பெரியவன் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து பிடிவாதம் பிடித்தான். "கல்யாணத்துக்கு வந்தும் தண்டவாளமா ஒங்களுக்கு?" என்று அம்மா கேட்டாள். ஆனாலும் புளியோதரையைக் கட்டி எடுத்துக்கொண்டாள்.

மதியம் பன்னிரண்டு இருக்கும். வேலைநாள் என்பதால் கூட்டமில்லை. உள்ளே நுழைந்ததும் எனக்கு முதலில் உறைத்தது வாசனைதான். அதாவது வாசனை இல்லாதது. எஞ்சின் என்றால் கரி, எண்ணெய், சூடான இரும்பு என்று மூக்கில் ஏறும். அங்கே பெயிண்ட் வாடை மட்டும் அடித்தது. கன்னங்கரேலென்று பூசி, சக்கரத்துக்குச் சிவப்பு அடித்து, பித்தளையைத் துலக்கி, செத்தவரைக் குளிப்பாட்டிப் புதுவேட்டி உடுத்தி நாற்காலியில் உட்கார வைத்திருப்போமே, அப்படி வரிசையாக உட்கார்ந்திருந்தன. நெருப்பு போடுகிற வாயை எல்லாம் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். நீங்கள் ஓடினீர்கள். ஓடிய சத்தம்கூட அந்த வரிசைக்குள் போனதும் அமுங்கிவிட்டது.

கடைசியில், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், தனியாக ஒரு மீட்டர் கேஜ் எஞ்சின் நின்றது. நம் பக்கம் ஓடிய அதே வகை. அதற்கு முன்னால் நாலு முழத் தண்டவாளம் நீண்டிருந்தது. சின்னவளே, நீ அந்தத் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்து செருப்புக்குள் போன கல்லை உதறிக்கொண்டிருந்தாய். எஞ்சினுக்கு முதுகைக் காட்டி, குனிந்து.

அந்த முதுகைப் பார்த்ததும் என் உடம்பு தானாகக் குனிந்தது. வேலைப் பழக்கம். உனக்கு இரண்டு கை தள்ளி, காதைத் தண்டவாளத்தில் வைத்தேன்.

வண்டி வந்துகொண்டிருந்தது.

இதை எப்படி எழுதுவது என்று யோசித்து யோசித்து நாலு முறை கிழித்துப் போட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். முதலில் தூரத்தில் உலை கொதிப்பது போல. பிறகு அந்தக் கொதிப்புக்குள் ஒரு மூச்சு. பிறகு தண்டவாள இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் தட்டு. எண்ணெய் எஞ்சின் இல்லை. மூச்சு வாங்கி வருகிற வண்டி. பக்கத்தில்.

நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ விளையாட்டு என்று நினைத்துத் தண்டவாளத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கன்னத்தில் அறைந்தேன். தூக்கிக்கொண்டு வேப்பமரம் வரைக்கும் ஓடினேன்.

திரும்பிப் பார்த்தால் எஞ்சின் நின்ற இடத்தில் நின்றது. அதன் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

அம்மா வந்துவிட்டாள்.

"என்ன செய்யுதீங்க? புள்ளைய இப்படியா அடிப்பாவ? ஆளுக பாக்காவ."

"வண்டி வருது" என்றேன்.

அவள் முந்தானையை எடுத்து என் கன்னத்தைத் துடைத்தாள். துரு ஒட்டியிருந்தது. அவள் முகத்தில் கோபம் போய்ப் பயம் வந்ததை நான் பார்த்தேன்.

காவல்காரர் நடந்து வந்தார். வயசானவர்தான், ஆனால் நக்கல் பேச்சு.

"இன்னா அண்ணாச்சி, கொயந்தைய போய் அடிக்கிற? தின்னவேலி பக்கமா?"

"கோவில்பட்டி. நான் ரயில்வேதான். இந்த லைன் எங்க போவுது?"

"லைனா?" அவர் சிரித்துவிட்டார். "இது எங்கயும் போவாது. அந்தாண்ட பாரு, புல்லு. இந்தாண்ட பாரு, செவுரு. எஞ்சினு லாரில வந்துச்சு. கிரேன் வச்சுத் தூக்கி வச்சாங்க. இது மேல ஒரு சக்கரம் உருண்டதில்ல."

"எனக்குச் சத்தம் கேக்குது."

"ரோட்டுல லாரி போவும். கரண்டு ரயில் ஓடுது பக்கத்துல. அதா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்து, "வெயில்ல நிக்க வைக்காதம்மா அவர" என்று போனார்.

அவர் சொன்னது நியாயம்தான். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். ஆனாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தேன். புல்லுக்குள் முடிந்த முனையில் போல்ட் ஓட்டைகள் காலியாக இருந்தன. ஒன்றில் எறும்பு போய் வந்துகொண்டிருந்தது. வண்டி ஓடுகிற தண்டவாளத்தின் தலை வெள்ளிபோல் பளபளக்கும். இது முழுக்கத் துரு. ஆனால் வலப்பக்கத் தண்டவாளத்தின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து ஒடுங்கியிருந்தது. வளைவில் வெளிப்பக்கம் கிடக்கிற தண்டவாளம்தான் அப்படித் தேயும். எங்கேயோ ஒரு வளைவில் வருஷக்கணக்காகக் கிடந்ததைப் பிடுங்கிக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். மீட்டர் கேஜைப் பிடுங்கியபோது நாங்களும் நிறையத் தண்டவாளம் தூக்கி ஏற்றி அனுப்பினோம். அது இதுதானா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

இடப்பக்கத் தண்டவாளத்தில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. லாரி என்றால் இரண்டிலும் கேட்க வேண்டும். வலப்பக்கத்தில் வைத்தேன். வந்துகொண்டிருந்தது. இப்போது வேகம் குறைந்திருந்தது. ஸ்டேஷனுக்குள் நுழைகிற வண்டிபோல ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி.

"ஏலே, இங்கன வா. காத வச்சுப் பாரு" என்று பெரியவனைக் கூப்பிட்டேன். பெரியவனே, நீ அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாய். கொஞ்ச நேரம் வைத்திருந்தாய்.

"ஒண்ணும் இல்லப்பா. சுடுது."

சின்னவளே, உன்னை நான் கூப்பிடவில்லை. அதை நீ ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அறைந்த கன்னம் சிவந்து, மூக்கு ஒழுக நின்றவளை எந்த வாயால் கூப்பிடுவது? நீயாக வந்து, அண்ணன் எழுந்த இடத்தில் படுத்து, அடிபட்ட கன்னத்தைத் தண்டவாளத்தில் வைத்தாய். கண்ணை மூடிக்கொண்டாய்.

"கேக்குதுப்பா" என்றாய்.

"என்னட்டி கேக்குது?"

"வருது. நின்னு நின்னு வருது."

மூச்சுக்கு நடுவே இடைவெளி விட்டு வருகிறது என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தெரிந்து சொல்லவில்லை. குனிந்திருந்தபோது வாய்க்குள் முனகியிருப்பேனோ, அது எனக்கே நிச்சயமில்லை. உங்கள் அம்மா உன்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, "போதும், கெளம்புங்க" என்றாள். புளியோதரைப் பொட்டலத்தை அங்கே யாரும் பிரிக்கவில்லை. ரயிலில் ஏறிய பிறகுதான் சாப்பிட்டோம்.

அந்த ராத்திரி வண்டியில் நீ என் மடியில் தூங்கினாய். நான் தூங்கவில்லை. நீ பொய் சொல்கிற பிள்ளை இல்லை. ஆனால் அப்பனுக்கு அவமானம் வந்துவிட்டதென்று தெரிந்தால் அவனுக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூடியவள். எல்லாரும் என்னைப் பைத்தியக்காரனாகப் பார்த்தபோது, அடி வாங்கியவள் நீ ஒருத்திதான் என் பக்கம் வந்தாய். இரக்கத்தில் சொன்னாயா, மறுபடி அடிப்பேன் என்ற பயத்தில் சொன்னாயா, நிஜமாகவே கேட்டதா?

இரக்கமோ பயமோ என்றால் என் காது போய்விட்டது. வருகிற வண்டி அதற்குக் கேட்பதில்லை, இல்லாத வண்டி கேட்கிறது. நிஜம் என்றால் உனக்கும் அந்தக் காது இருக்கிறது என்று அர்த்தம். அதை நினைத்து நான் முதலாவதைவிட அதிகமாகப் பயந்தேன். எழுப்பிக் கேட்டிருக்கலாம். மதுரையில் வண்டி நின்றபோது ஒருமுறை உன் தோளைத் தொட்டேன். நீ புரண்டு படுத்தாய். விட்டுவிட்டேன். பத்து வயசுப் பிள்ளை ஆமாம் என்று சொன்னாலும், அந்த ஒரு சொல்லின் மேல் நான்கு பேரின் முதுகை நிறுத்த முடியாது. அது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இதற்கு மேல் நடந்தது உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. மேஸ்திரிக்கும் வேறு காரணம்தான் சொன்னேன்.

வேலைக்குத் திரும்பிய அன்று எல்லாருக்கும் முன்னால் போய்விட்டேன். தளவாடக் குடிசையில் யாருமில்லை. உள்ளே சுவரில் ஆளுக்கொரு ஆணி. என் ஆணியில் விசிலும் சுருட்டிய கொடியும் தொங்கின. அடுத்த ஆணி எங்களில் இளையவருடையது. கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கண் நல்ல கண். விசிலைக் கழற்றிக் குடத்துத் தண்ணீரில் கழுவினேன். இத்தனை வருஷம் என் வாயில் கிடந்தது, எச்சில் இல்லையா? உள்ளே நின்ற தண்ணீரை உதறிவிட்டு, துண்டால் துடைத்து, அவர் ஆணியில் மாட்டினேன். கொடியையும் மாட்டினேன். பிறகு ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.