ஹெல்மெட் போட்ட கொலு

1999-ஆம் வருட நவராத்திரியில் ஒரு சனிக்கிழமை மாலை, நியூஜெர்சி பார்சிப்பனியில் எங்கள் அபார்ட்மெண்ட்டில் இருந்தவர்கள் நான், என் மனைவி, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து வந்த ஓர் ஆன்ட்டி, அவருடன் வந்த இரண்டு பெண்கள், கீழ்வீட்டு அமெரிக்க நர்ஸ். இல்லாதவர்கள் எங்கள் இருவரின் அம்மாக்கள். கொலு என்று வைத்திருந்தோமே தவிர, மண்பொம்மை ஒன்றுகூட இல்லை.

இருந்ததெல்லாம் ஃபுட்பால் வீரர்கள்தான். கையில் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த அமெரிக்க ஃபுட்பால். முந்தைய வருடம், பாலில் போட்டுச் சாப்பிடும் சோளப்பொரி மாதிரியான சீரியல் டப்பாவுக்குள் கட்டைவிரல் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் வீரனைப் போட்டுக் கொடுத்தார்கள். பாதிப் பேர் சிவப்புச் சட்டை, பாதிப் பேர் நீலம். அப்போது 2000-ஆம் ஆண்டுக்கோளாறு வராமல் கம்ப்யூட்டர்களைத் திருத்த வந்த நாங்கள் நான்கு பிரம்மச்சாரிகள் ஒரே வீட்டில் இருந்தோம். சமைக்கச் சோம்பல்பட்டுக் காலையிலும் சீரியல், ராத்திரியிலும் சீரியல். அதுவும் பாலைப் பொங்கக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, சுடச்சுட ஊற்றிக் கஞ்சியாக்கித்தான் சாப்பிடுவோம். மற்ற மூவரும் பொம்மையைக் குப்பையில் போடுவார்கள். நான் எடுத்துக் கழுவி ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைப்பேன்.

“டேய், ஒய்டூகே புரோகிராமர்டா நீ. கொஞ்சம் டிக்னிஃபைடா இருடா” என்பான் கூட இருந்த கோயம்புத்தூர்க்காரன். நான் காதில் வாங்கவில்லை. சின்ன வயதில் எனக்குப் பொம்மை கிடையாது. ஹெல்மெட்டின் முன்கம்பிகூட அச்சுஅசலாக இருந்த வீரனைத் தூக்கியெறிய எப்படி மனசு வரும்?

அடுத்த வசந்தத்தில் கல்யாணமாகி என் மனைவி வந்தாள். மற்றவர்கள் வேறு வீடு பார்த்துப் போனார்கள். பாட்டில் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. செப்டம்பரில் ஒருநாள், “நாம கொலு வைக்கலாமா?” என்றாள் மனைவி.

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் அம்மா கொலு வைக்கிற வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர். பரணிலிருந்து பொம்மைகளை இறக்கித் துடைத்துக் கொடுப்பார். சாயங்காலம் எல்லோரும் தாம்பூலம் வாங்கும்போது கொல்லைப்பக்கம் நின்று சுண்டல் வாங்கி வருவார். என் மனைவி வீட்டிலும் கொலு கிடையாது. அவளுக்குத் தன் வீட்டு வாசல் வழியாக நான்கு பேர் வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

கோயிலில் பழக்கமான அந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஆன்ட்டியை போனில் அழைத்தாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“உங்க ரெண்டு பேர் வீட்லயும் கொலு வழக்கம் உண்டாம்மா? இல்லாதவங்க புதுசா ஆரம்பிக்கக் கூடாதும்பாங்களே.”

“ஆரம்பிச்சாத்தானே ஆன்ட்டி வழக்கமாகும்?”

“சரி, சனிக்கிழமை டிரைவ் பண்ணி வர்றோம். பாப்போம்” என்றார்.

அந்தப் ‘பாப்போம்’ என்னைத் தூங்கவிடவில்லை. என்னைப் பார்த்து யார் சிரித்தாலும் தாங்கிக்கொள்வேன். அவளைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாதே என்றிருந்தது.

ஆபீஸில் பிரிண்டர் வந்த அட்டைப் பெட்டிகளை அடுக்கி, என் கல்யாண வேட்டியை விரித்துப் படி கட்டினோம். மேலே சின்னப் பித்தளைப் பிள்ளையார். கீழே வீரர்கள். ஓடுகிறவர்களை ஊர்வலம் போகிறவர்களாக நிறுத்தினோம். பாதிப் பேர் குனிந்து ஒரு கையைத் தரையில் ஊன்றியிருந்தார்கள். நமஸ்காரம் பண்ணுகிறார்கள் என்று நாங்களே முடிவு செய்து, பிள்ளையாரைப் பார்க்கத் திருப்பி வைத்தோம். பார்க்க உண்மையிலேயே பக்தியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு, “என்னங்க, ஹெல்மெட் போட்டுக்கிட்டு அங்கப்பிரதட்சணமா?” என்றார். ஆன்ட்டியும் சிரித்துவிட்டார். என் மனைவியும் கூடவே சிரித்தாள். ஆனால் கையிலிருந்த குங்குமச் சிமிழைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு நர்ஸ் வந்தார். மனைவிதான் அழைத்திருந்தாள். நெற்றியில் குங்குமம் வாங்கிக்கொண்டு திரும்பியவர், படியைப் பார்த்ததும் கார்ப்பெட்டில் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். தானும் இதே சீரியல் வீரர்களைச் சேர்த்ததாகவும், இதில் பாதிகூடத் தனக்குக் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். பிறகு, சாமிக்கு முன்னால் இருப்பதால் தொடலாமா என்று என் மனைவியிடம் கேட்டார். தொடலாம் என்றாள்.

இவர்கள் கும்பிடவில்லை, பந்து கிளம்பக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார் நர்ஸ். மனைவி ஓடிப்போய்த் தன் பச்சைத் துப்பட்டாவைக் கொண்டுவந்து விரித்தாள். நர்ஸ் சிவப்பை ஒரு வரிசையாகவும் நீலத்தை எதிர் வரிசையாகவும் நேருக்கு நேர் நிறுத்தினார். நீல அணியில் பந்து எறிகிறவன் இல்லை. கீழே போய், தன் ஃபிரிட்ஜ் மேலிருந்த வீரனைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தார்.

ஆன்ட்டி மெதுவாகப் பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். இன்னொன்று கேட்டார். பத்து கெஜம் போக நான்கு வாய்ப்பு என்று நர்ஸ் பொம்மைகளை நகர்த்திக் காட்டக் காட்ட, ஆன்ட்டியின் முகம் மாறியது.

“எம் பையன் ஸ்கூல் டீம்ல ஆடறான். ஒவ்வொரு கேமுக்கும் போய், பக்கத்துல உள்ளவங்க தட்டினா நானும் தட்டிட்டு வர்றேன். என்னடா நடக்குதுன்னு கேட்டா, ‘யூ வோன்ட் கெட் இட், மாம்’பான். இன்னிக்குத்தான் புரியுது” என்றார். பிறகு என் மனைவியை நிமிர்ந்து பார்த்து, “அடுத்த வருஷம் முன்கூட்டியே சொல்லிடும்மா. அவனையும் இழுத்துட்டு வர்றேன். உங்க வீட்டுக் கொலுன்னா வருவான்” என்றார்.

உங்க வீட்டுக் கொலு! அதைக் கேட்டபோது என் மனைவி நின்ற நிமிர்வை நான் ஒரு போட்டோ எடுத்தேன். மறுநாள் காலிங் கார்டு போட்டு ஊருக்கு போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். “நம்ம வீட்டுலயாடா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் சலிக்காமல், நம்ம வீட்டில்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அட்டைப் பெட்டி சும்மா வந்தது, பொம்மைகள் இலவசம். சுண்டலுக்கும் தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் சேர்த்து எங்கள் வம்சத்தின் முதல் கொலுவுக்கு ஆன மொத்தச் செலவு ஒன்பது டாலர். அதற்குப் பிறகு கார் வாங்கியிருக்கிறேன், ஆனால் அந்த ஒன்பது டாலரைக் கொடுத்தபோது இருந்த பெருமை எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.