மூடிக்குப் பக்கத்தில் விட்ட செருப்பு

மாப்பிள்ளை இதைச் சொன்னபோது, கதை அளக்கிறார் என்று நான் சிரித்தேன். மறுநாள் அந்தச் செருப்பை என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் ஃபிட்டர். வேலை தண்ணீரில்தான், நீச்சல் மட்டும் தெரியாது. எங்கள் பகுதிக்கு ஒரே ஒரு மேல்நிலைத் தொட்டி. அதைக் கழுவிப் பல வருடமாகிவிட்டது. கேட்டால் 'அடுத்த வருஷம்' என்பார்கள். உள்ளே இருந்த இரும்பு ஏணிகூடத் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. குழாய்த் தண்ணீர் நாறி, குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியுமாகி, ஜனங்கள் அலுவலக வாசலில் போய் உட்கார்ந்த பிறகுதான் அதிகாரிக்கு ஞானம் பிறந்தது. தொட்டியைக் காலி செய்தார்கள். மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. என் தங்கை பிரசவமான பச்சை உடம்போடு, கைக்குழந்தையோடு, காலிக் குடங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"மத்தியானம் கண்டிப்பா தண்ணி வந்துடும். நான்தானே கழுவப் போறேன்," என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார் மாப்பிள்ளை.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இறங்குகிறவர் செருப்பைத் தொட்டி மூடிக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு இறங்க வேண்டும். செருப்பு அங்கே இருக்கும்வரை மேலே நிற்பவர் மூடியைத் தொடக் கூடாது. அன்று மேலே நின்றவர் மீசை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மீசைதான். பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. மாப்பிள்ளை செருப்பைக் கழற்றினார். ஒன்றில் வார் அறுந்து, நீல ஒயரால் கட்டியிருந்தது. போனைச் சட்டைப்பையில் வைத்து, சட்டையைக் கைப்பிடிக் கம்பியில் மாட்டினார். கயிற்று ஏணியில் இறங்கினார்.

உள்ளே முழங்கால் சேறு. நடுவில் ஒரு பெரிய தூண். மேலே மூடித் துவாரத்தில் மட்டும் வெளிச்சம். மாப்பிள்ளை சுவரைத் தேய்க்க ஆரம்பித்தார். சரக்... சரக்...

ஏதோ உறுத்தியது. கையை நிறுத்தினார்.

தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு சரக்... அப்புறம் அதுவும் நின்றது.

எதிரொலி என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். மறுபடி தேய்த்தார். நிறுத்தினார்.

சரக்... சரக்... சரக்...

"மீசை அண்ணே... நீங்களா?"

 முதுகுக்குப் பின்னால் கயிறு முறுகும் சத்தம். திரும்பினார். ஏணியில் யாரும் இல்லை. ஆனால் ஆள் மிதிப்பது போல ஒவ்வொரு படியாக அழுந்தியது. கீழிருந்து மேலே...

சேற்றை உழப்பிக்கொண்டு அவர் ஏணியை நோக்கிப் பாய்ந்தார்.

ஏணி சரசரவென்று மேலே போய்விட்டது.

டங்! மூடி விழுந்தது.

இருட்டு.

கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். அவர் குரல்தான் சுற்றிச் சுற்றி வந்தது.

கீழே மோட்டார் ஓடும் அதிர்வு. குழாயில் புஸ்ஸென்று காற்று. பிறகு தண்ணீர்.

இடுப்பு...

மார்பு...

மேலே அவருடைய போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நின்றது.

கழுத்து...

மூடி திறந்தது.

மீசையின் முகம் வெளுத்துப் போயிருந்தது. "டேய்... நீ அப்பவே இறங்கிப் போயிட்டியேடா!"

மோட்டாரை நிறுத்தி, ஏணி போட்டு இழுத்து வெளியே எடுத்த பிறகும் மீசை அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "மூஞ்சியெல்லாம் சேறா ஏறி வந்தே. செருப்பை மாட்டினே. ஒரு வார்த்தை பேசாம படியிறங்கிப் போனே. வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சு, ஏணியைச் சுருட்டி மூடிட்டுப் போய் மோட்டாரைப் போட்டேன். உன் வீட்டுக்காரி எனக்குப் போன் பண்ணா, தண்ணி எப்ப வரும், அவர் எடுக்கலையேன்னு. சரி, நீ போனைச் சட்டையோட மறந்துட்டுப் போயிட்டேன்னுதான் எடுக்க வந்தேன்..."

மூடிக்குப் பக்கத்தில் செருப்பு இல்லை.

அப்புறம்தான் மீசை பழைய விஷயத்தைச் சொன்னார். கடைசியாகத் தொட்டி கழுவிய அன்று ஒரு ஃபிட்டர் காணாமல் போனார். மேலே செருப்பு இல்லாததால், வெளியே வந்து எங்கோ ஓடிவிட்டார் என்று முடிவு கட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். "செருப்போடயே இறங்கிட்டானோ என்னவோ..." என்றார் மீசை. அதற்குப் பிறகுதான் தொட்டியைக் கழுவ யாரும் முன்வரவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் இத்தனை வருடமும் நாங்கள் குடித்தோம்.

அன்றே சேறு முழுவதையும் வெளியே அள்ளிப் பார்த்தார்கள். எலும்பும் இல்லை, துணியும் இல்லை.

மறுநாள் மாப்பிள்ளையோடு நானும் அலுவலகம் போயிருந்தேன். காணாமல் போன ஃபிட்டரின் மனைவி ஒரு பையோடு வந்து நின்றார். பையிலிருந்து ஒரு ஜோடி செருப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்றில் நீல ஒயர். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து மத்தியானம் எங்க வாசல்ல கிடந்துச்சு. இது யாரோடது?"

"யாராவது மாத்தி விட்டுட்டுப் போயிருப்பாங்கம்மா," என்றார் குமாஸ்தா.

அந்த அம்மா இல்லை என்று தலையசைத்தார்.

"வாசல்லேருந்து சேத்துக் கால் தடம் உள்ளே போகுது சார். அவர் படுக்கிற இடம் வரைக்கும் போகுது..."

குரல் இறங்கியது.

"திரும்பி வந்த தடம்தான் இல்ல."